கொட்டாஞ்சேனையைக் காணவில்லை

கொட்டாஞ்சேனையைக் காணவில்லை என்று சேர்வர் சொன்னபோது சுபோதினி முதலில் சிரித்துவிட்டாள். கோயிலும் சேர்ச்சும் லொறியும் சனமுமாக நெருக்கிக்கொண்டு கிடக்கிற அவ்வளவு பெரிய இடம் எங்கே போய்விடும்? ஆனால் சேர்வர் ஒரு கணினி, அதற்குப் பகிடி விளங்காது. சிவப்பில் ஒரு கோடு போட்டு, கேட்ட கோப்பு கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டு அது தன்பாட்டில் இருந்தது.

அவளுடைய அலுவலகம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது. கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். அங்கே இருந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். மருந்துக்கடைகள் வைத்திருந்த ஒரு பாமசிக்காரருக்காக அவர்கள் போனில் ஓடும் ஒரு அப் செய்துகொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்தபடியே போனில் மருந்து கேட்கலாம். தன் பகுதியின் பெயரை எழுதினால், எந்தக் கிளையிலிருந்து மருந்து வரும் என்று அப் பார்த்துச் சொல்லும். அடுத்த நாள் காலை அது சனங்களின் கைக்குப் போகிறது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போவது எப்போதோ முடிவாகிவிட்டது. தமிழிலும் போகுமா என்பது மட்டும் இன்னும் இழுபறியில் இருந்தது.

தமிழுக்காகச் சுபோதினி பட்ட பாடு கொஞ்சமல்ல. தமிழை ‘அடுத்த முறை’ பார்ப்போம் என்றார் மனேஜர் ருவன். அடுத்த முறை என்றால் என்ன என்று இந்த நாட்டில் தமிழ் தெரிந்த எவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அவள் விடவில்லை. கூட்டம் கூட்டமாகப் போய்க் கதைத்தாள். எல்லாச் சொற்களையும் நானே எழுதித் தருகிறேன், பகுதிப் பெயர்களை எல்லாம் நானே அடித்துத் தருகிறேன், ஒருவருக்கும் கூடுதல் வேலை வராது என்று வாக்குக் கொடுத்தாள். கடைசியில் ருவன் சரி என்றார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். சோதனைகள் எல்லாம் சேர்வரில் தேறிப் பச்சையாக இருக்கவேண்டும். ஒன்று சிவந்தாலும் தமிழ் நிற்கும், மற்ற இரண்டும் போகும்.

நேற்றுவரை எல்லாம் பச்சைதான். இன்று காலை பிறெடி ஒரு கோப்பைப் புதிதாகச் சேர்த்தான். உடனே சிவந்துவிட்டது.

பிறெடி கொட்டாஞ்சேனைப் பெடியன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமாகிறது. வாய் ஓயாமல் தமிழில் கதைப்பான், எழுதச் சொன்னால் வியர்ப்பான். படித்தது ஆங்கில மொழிமூலம், தமிழ் ஒரு பாடமாக மட்டும் இருந்தது, அதிலும் தட்டுத்தடுமாறித்தான் கரையேறினான். இதை அவனே சொல்லிச் சிரிப்பான். ஆகவே சிவப்பைக் கண்டதும் சுபோதினியின் கண் நேரே அவனிடம் போனதில் அதிசயம் இல்லை.

அவன் எழுதிய சோதனை செய்கிற வேலை சின்னது. சுபோதினி அடித்துக் கொடுத்த பகுதிப் பெயர்களில் ஒன்றை எடுத்து, அதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று தேடும். கோப்புக்குள், பகுதியைப் பெயரால் அல்லாமல் இலக்கத்தால் குறித்து, அங்கிருந்து யாரோ மருந்து கேட்டதுபோல ஒரு பொய் ஓடர் இருக்கும். அதை வாசித்து, சரியான கிளைக்குப் போகிறதா என்று பார்க்கும். வெள்ளவத்தைக்கு ஒரு கோப்பு, கிருலப்பனைக்கு ஒரு கோப்பு. இரண்டும் முதலே இருந்தன. இன்று காலை அவன் போட்டது மூன்றாவது, கொட்டாஞ்சேனை.

“என்ன பேரில போட்டனீ?” என்று அவள் கேட்டாள்.

“கொட்டாஞ்சேனை எண்டுதான் அக்கா. பிழைவிடக்கூடாதெண்டு போர்டைப் போட்டோ எடுத்து வச்சு, பாத்துப் பாத்துப் போனில அடிச்சுத்தான் அனுப்பினேன்.”

கொழும்பில் பெயர்ப்பலகையை நம்பித் தமிழ் எழுதியிருக்கிறான். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த நகரத்துப் பலகைகளில் தமிழ் படுகிற பாட்டை அவள் அறிவாள். குற்றெழுத்து நெட்டெழுத்தாகும், வல்லினத்தில் ஒன்று காணாமற் போகும், சிலவேளை சொல்லே வேறு சொல்லாகி ஊரைச் சிரிக்கவைக்கும். இவனும் அதைப் பார்த்து எங்கோ ஒரு புள்ளியைத் தின்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, அவனுடைய கோப்பின் பெயரையும் தன் பெயரையும் மேலும் கீழுமாக வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். கானாவுக்குக் கொம்பும் காலும். இட்டன்னா, புள்ளி. டா. இஞ். சே. னை. இரண்டும் ஒன்றுதான். எழுத்துப் பெரிதாகும்படி திரையை உருப்பெருக்கிப் பார்த்தாள். அப்போதும் ஒன்றுதான்.

பலகை சரியாக இருந்தது. அதுவே பெரிய செய்தி. ஆனால் சிவப்பு போகவில்லை.

அவளுடைய மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தாள். பச்சை. பிறெடியின் கணினியிலும் பச்சை. இரண்டு பேருக்கும் அலுவலகம் கொடுத்தது ஒரே விதமான மெக்புக். சேர்வரில் மட்டும் சிவப்பு. சேர்வர் வேறு சாதி, லினக்ஸ், எங்கேயோ ஒரு குளிர் அறையில் கிடப்பது.

அதற்குப் பிறகு அவள் செய்யாத வித்தை இல்லை. அவர்கள் புரோகிராம் எழுதுகிற மொழியான ஜாவாவுக்கு ஒரு குணம் உண்டு. தன் சாமான்களைத் தேடிப்போக அது ஒரு வழி வைத்திருக்கிறது, கிளாஸ்பாத் என்பார்கள். அந்த வழியில் இருப்பதுதான் அதற்கு இருப்பது. கண்ணுக்கு முன்னால் மேசையில் கிடந்தாலும் வழியில் இல்லாதது இல்லாததுதான். தேடியது கிடைக்காவிட்டால் அது கத்தாது, குழறாது. ‘நல்’ என்று ஒரு வெறுமையைக் கையில் தந்துவிட்டுப் பேசாமல் போய்விடும். பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு கூடினாலோ குறைந்தாலோ இப்படி நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். கோப்பு தப்பான போல்டரில் இருந்தாலும் நடக்கும். வெள்ளவத்தையும் கிருலப்பனையும் இருக்கும் அதே போல்டரில்தான் கொட்டாஞ்சேனையும் இருந்தது. பழைய குப்பை ஏதும் தங்கியிருக்கும் என்று எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டு முதலிலிருந்து கட்டினாள். சிவப்பு.

கடைசியில் சேர்வருக்குள்ளேயே புகுந்து, போல்டரில் என்ன இருக்கிறது என்று காட்டச் சொன்னாள். காட்டியது. வெள்ளவத்தை, கிருலப்பனை, கொட்டாஞ்சேனை. மூன்றும் வரிசையாக இருந்தன. கொட்டாஞ்சேனையைத் தா என்றாள். இல்லை என்றது.

இருக்கிறது என்று காட்டுகிறாய், கேட்டால் இல்லை என்கிறாய், உனக்கு என்ன விசரா என்று அவள் திரையைப் பார்த்து வாய்விட்டே கேட்டுவிட்டாள். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விசர் சேர்வருக்கா தனக்கா என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் அவிழ்க்காமல் கிடந்தது.

தேத்தண்ணி நேரத்துக்கு ருவன் வந்து அவளுக்குப் பின்னால் நின்றார். மோசமான ஆள் இல்லை. பிள்ளைகளின் படத்தைக் கணினியில் வைத்திருக்கிற, கோபம் வந்தால் வியர்க்கிற மனிதர். பாமசிக்காரர் காலையிலிருந்து கோல் எடுத்தபடி இருக்கிறார், இப்போது முடிவு சொல்லவேண்டும் என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சொன்னார். தமிழை வெட்டிவிடலாம், அடுத்த முறை பார்க்கலாம் என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் எழுந்து நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம் தாருங்கள் என்று கெஞ்சினாள்.

அவர் யோசித்துவிட்டுத் தானே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோப்புக்கு யார் தமிழில் பெயர் வைக்கச் சொன்னது என்று கேட்டார். மூன்று கோப்புகளுக்கும் ஆங்கிலத்தில் பெயரை மாற்றினார். பட்டியலிலிருந்து பெயரை எடுக்காமல் நேரே அந்த ஆங்கிலப் பெயரிலேயே தேடும்படி சோதனையைத் திருத்தி, சேர்வருக்கு அனுப்பினார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பச்சை.

யாரோ கைதட்டினார்கள். ருவன் கீழே ஆளனுப்பி எல்லாருக்கும் தின்ன றோல்ஸும் பற்றிசும் எடுப்பித்தார். அதோடு எல்லாவற்றையும் பூட்டி முத்திரை வைத்தாயிற்று. இனி ஒருவரும் எதிலும் கைவைக்க முடியாது. காலையில் அவர் பொத்தானை அழுத்தினால் மூன்று மொழியிலும் போகும். சுபோதினிக்குச் சந்தோஷத்தில் அழுகை வரப் பார்த்தது. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று நெருடியது. என்ன வருத்தம் என்று தெரியாமலே சுகமாகிவிட்ட நோயாளியை வீட்டுக்கு அனுப்புகிற டொக்டருக்கு இப்படித்தான் இருக்கும்.

பிறெடி கையில் றோல்ஸோடு வந்து நின்றான். “அப்ப நான் எழுதின பேர்தான் பிழையா அக்கா?”

அவளுக்குக் களைப்பு. சண்டைபிடித்த சேர்வர் ஜெயித்த எரிச்சலும் இருந்தது. “பிழையாத்தான் இருக்கும்” என்றாள், நாலு பேர் கேட்க. அவன் சிரித்தான். ஆனால் கையில் இருந்த றோல்ஸைக் கடிக்காமலே தன் மேசைக்குப் போனான்.

அவள் வீடு நடந்துபோகிற தூரம்தான். மார்க்கெட் பக்கமாகச் சுற்றி, கீரைக்காரனோடு சிங்களத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பிறெடி. அம்மாவின் போனில் அப்பின் சோதனைப் பதிப்பைப் போட்டுக் கொடுத்தானாம். அவனுடைய அம்மா பிறிஜெற்றுக்குச் சீனி வருத்தம், முழங்காலில் நோ வேறு. மாதாமாதம் ஊசி மருந்துக்காக ஜம்பட்டா வீதிவரை நொண்டி நொண்டிப் போய் வரிசையில் நிற்கிற மனுசி. தமிழ் மட்டும்தான் வாசிப்பார். இந்த அப் வந்தால் முதல் ஓடர் தன்னுடையது என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

“அம்மா கொட்டாஞ்சேனை எண்டு அடிச்சா. ‘உங்கள் பகுதிக்கு எங்கள் சேவை இன்னும் வரவில்லை’ எண்டு வருது. கொட்டாஞ்சேனையை எடுத்திட்டாங்களா அக்கா?”

எடுக்கவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கீரையை வாங்காமலே வீட்டுக்கு நடந்தாள். அந்த வசனத்தை எழுதியது அவள்தான். ‘சேவை இல்லை’ என்று முகத்தில் அடித்ததுபோலச் சொல்லக்கூடாது என்று யோசித்து யோசித்து அந்த ‘இன்னும்’ என்ற சொல்லைப் போட்டவளும் அவள்தான். அந்தச் சொல்லில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் போனைத் திறந்தாள். வெள்ளவத்தை என்று எழுதினாள். அடுத்த நொடியே, உங்கள் கிளை இது, மருந்து இன்றே வரும் என்று வந்தது. கிருலப்பனை என்று எழுதினாள். அதுவும் வந்தது. கொட்டாஞ்சேனை என்று எழுதினாள். சேவை இன்னும் வரவில்லை. பொரளை என்று எழுதினாள். வரவில்லை. கொள்ளுப்பிட்டி, வரவில்லை. பாமசியின் பெரிய களஞ்சியமே இருப்பது ஒருகொடவத்தையில். அதை எழுதினாள். அங்கேயும் வரவில்லையாம்.

ஏன் என்று விளங்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் சுடச்சுடத் தெரிந்தது. இத்தனை மாதமாக இந்த அப்பைத் தமிழில் எத்தனை முறை சோதித்திருப்பாள்? ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டிக்குள் எழுதியது வெள்ளவத்தை. ஒரு நாளாவது வேறு இடத்தை எழுதிப் பார்த்தாளா என்றால், இல்லை. தமிழென்றால் வெள்ளவத்தை, வெள்ளவத்தை என்றால் தமிழ் என்று கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். கொட்டாஞ்சேனைக்கு ஒரு சோதனை வேண்டும் என்று தோன்றியது பிறெடிக்குத்தான். அது சிவந்தபோது, அவனுக்கு எழுதத் தெரியாது என்று எல்லாருமாகச் சேர்ந்து அதை வெட்டிவிட்டார்கள்.

கணினியைத் திறந்து தன் பட்டியலை எடுத்தாள். பொரளை, கொள்ளுப்பிட்டி, கொட்டாஞ்சேனை, ஒருகொடவத்தை. இவற்றில் என்ன ஒற்றுமை? பிழை எங்கேயும் இல்லை. பொறுமை போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக அடிப்போம் என்று கொள்ளுப்பிட்டியைக் கடைசியிலிருந்து அழித்துக்கொண்டு வந்தாள். ‘கொ’ மட்டும் மிஞ்சியது. இன்னொரு தரம் அழித்தாள். எழுத்து முழுதாகப் போகவில்லை. கால் மட்டும் கழன்று போய், ‘கெ’ என்று கொம்போடு நின்றது.

அப்படியே கையை எடுத்துவிட்டாள். பிறகு பிறெடி வைத்த பெயரை எடுத்து, அதையும் அதே மாதிரி அழித்துக்கொண்டு வந்தாள். ‘கொ’ நின்றது. இன்னொரு தரம் அழித்தாள். கொம்பும் காலும் ஒன்றாகப் போய், வெறும் ‘க’ மிஞ்சியது.

சுபோதினி கதிரையில் சாய்ந்தாள். இப்போது எல்லாம் விளங்கியது. கணினிக்குள் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்த்து எழுதுவது ஒன்று. கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் வைப்பது இன்னொன்று. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மெக்புக்கும் பெருந்தன்மையாக இரண்டையும் ஒரே கோப்பென்று ஏற்றுக்கொண்டுவிடும். லினக்ஸ் சேர்வருக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. வேறு வேறு குறி என்றால் வேறு வேறு பெயர். அவர்களுடைய அப்பும் பெயர்களை அப்படித்தான் பார்த்தது. பிறெடியும் அவனுடைய அம்மாவும் போனில் அடித்தது சேர்ந்த ‘கொ’. சுபோதினியின் பட்டியலில் இருந்ததெல்லாம் பிரிந்த ‘கொ’. கொம்பும் காலும் சேர்ந்து வருகிற ஊரெல்லாம் கோட்டைவரை அப்படியே பிரிந்துதான் கிடந்தன. வெள்ளவத்தையிலும் கிருலப்பனையிலும் அப்படி ஒரு எழுத்தே இல்லை. அதனால்தான் அவை தப்பின. கொழும்பும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது. நகரத்தின் பெயரைக் கேட்டிருந்தால் கொழும்பையே இல்லை என்று சொல்லியிருக்கும்.

பிரிந்த ‘கொ’ எங்கிருந்து வந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். சாதாரணதரப் பரீட்சை எழுதிய கையோடு தட்டச்சு வகுப்புக்குப் போனவள் அவள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் கீபோர்டைப் பார்க்காமலே மின்னல் மாதிரி அடிப்பாள். முதலில் கொம்பு, பிறகு கானா, பிறகு கால். கையால் எழுதுகிற அதே ஒழுங்கு, விரல்களுக்கு வேறு ஒழுங்கு ஏறாது. இன்றைக்கும் நீளமாகத் தமிழ் அடிக்க வேண்டுமென்றால் பாமினியில்தான் அடிப்பாள். அதை எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான யூனிகோடாக மாற்ற, கம்பஸில் படிக்கும்போது தானே எழுதிய ஒரு சின்ன ஜாவா புரோகிராம் வைத்திருந்தாள். அது கொம்பை எடுத்துக் கானாவுக்குப் பின்னால் வைக்கும். காலோடு சேர்க்க அது மறந்துவிட்டது, அதாவது அவள் மறந்துவிட்டாள். இத்தனை வருடமாகப் பார்வைக்குச் சரியாக இருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. போனில் தமிழ் அடிக்கும் பழக்கமும் அவளுக்கு இல்லை. வீட்டாருக்கு எழுதுவதென்றால் ஆங்கில எழுத்தில் தமிழ், இல்லாவிட்டால் குரல்பதிவு.

திருத்துவது சின்ன வேலை. இரண்டு பக்கத்தையும் ஒரே விதமாகச் சேர்த்துவிட்டு ஒப்பிடச் சொன்னால் போதும், ஒரு வரி. ஆனால் பூட்டி முத்திரை வைத்தாயிற்று. ருவனிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தமிழ் நிற்கும். எத்தனை மாதத்துப் போராட்டம், ஒரு காலாலும் ஒரு கொம்பாலும் போய்விடும்.

சொல்லாவிட்டால்? ஒருவருக்கும் தெரியாது. நாளை தமிழ் போகும். வெள்ளவத்தைக்கு வேலை செய்யும், பம்பலப்பிட்டிக்கு வேலை செய்யும், மருதானைக்கும் வேலை செய்யும். மற்ற ஆட்களுக்கு, அடுத்த திருத்தம் வரும்போது பேசாமல் இந்த ஒரு வரியையும் சேர்த்துவிடலாம். உள்ளே போனால்தானே திருத்தலாம், வெளியே நின்றால் அடுத்த முறைதான். கொஞ்ச நாள், மிஞ்சினால் ஒரு மாதம். ‘இன்னும் வரவில்லை’ என்றுதானே எழுதியிருக்கிறாள், பொய்யும் இல்லை. தன் நியாயம் தனக்கே நன்றாகத்தான் இருந்தது. பிறெடி மட்டும் கொஞ்ச நாளைக்கு வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அதைக் கேட்கத்தான் அவனுக்கு கோல் எடுத்தாள்.

எடுத்தது பிறெடி, ஆனால் விஷயத்தைத் தொடங்குமுன்னே பின்னால் அவன் அம்மாவின் குரல் கேட்டது, அது சுபோதினியா, இங்கே தா என்று. போன் கைமாறியது.

“மகள், நீங்க இதுக்கெல்லாம் யோசிக்காதீங்க” என்றார் பிறிஜெற். “இல்லையெண்டு வந்தவுடனே நான் கீழ்வீட்டு நதீஷாக்கிட்ட குடுத்துச் சிங்களத்தில அடிக்கச் சொன்னேன். டக்கெண்டு வந்திட்டுது. தமிழ்ல கேட்டது என்ட பிழைதானே.”

அவர் குரலில் கோபம் இல்லை, மனவருத்தமும் இல்லை. காலையிலிருந்து இந்த விஷயத்தில் குழம்பாத ஒரே ஆள் அவர்தான் என்று சுபோதினிக்குத் தோன்றியது. படித்தவர்கள் எல்லாரும் போல்டரைப் பார்த்தார்கள், சாய்கோட்டைப் பார்த்தார்கள், சேர்வரைத் திட்டினார்கள். இந்த மனுசிக்கு ஒரு பார்வையிலேயே விளங்கிவிட்டது. தமிழில் இல்லையென்று வந்தால், தமிழில் இல்லை. அவ்வளவுதான். இதில் குழம்ப என்ன இருக்கிறது? வாழ்நாள் முழுக்க அவருக்குக் கிடைத்த அதே பதிலை, இன்று இன்னும் மரியாதையான தமிழில் சுபோதினி எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

கேட்க வந்ததைக் கேட்க முடியவில்லை. “இல்ல அன்ரி” என்றாள். “பிழை என்ர. நீங்கள் எழுதினது சரி.”

போனை வைத்தாள். யோசித்தால் மனம் மாறிவிடும் என்று பயந்து, யோசிக்காமல் ருவனுக்கு எடுத்தாள். கொம்பையும் காலையும் சிங்களத்தில் விளங்கப்படுத்துவது பெரும்பாடாகிவிட்டது. அவருக்குப் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. ஆனால் நாளைக்குத் தமிழ் போகக்கூடாது என்று அவள் சொல்கிறாள் என்பது மட்டும் விளங்கியது. தமிழ் வேண்டும் என்று என் உயிரை எடுத்தது நீதானே, இப்போது வேண்டாம் என்பதும் நீயா என்று கேட்டார். ஓம் என்றாள். இப்போது நிறுத்தினால் எல்லாச் சோதனையும் திரும்ப முதலிலிருந்து, எப்போது போகும் என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது, பாமசிக்காரர் அடுத்த முறை என்றுதான் சொல்வார் என்றார். தெரியும் என்றாள். காலையில் தமிழ்ப் பொத்தானை மறைத்துவிட்டு மற்ற இரண்டையும் விடுவதாகச் சொல்லிவிட்டு அவர் வைத்தார். அதற்குப் பிறகு அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாள் அப் இரண்டு மொழியில் போனது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். சுபோதினி ஒரு துண்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, முதல் வேலையாக ருவன் மாற்றிய மூன்று கோப்புகளின் பெயர்களையும் பழையபடி தமிழுக்கு மாற்றினாள். கொட்டாஞ்சேனையைப் பிறெடியைக் கூப்பிட்டு அவன் கையாலேயே அடிக்கச் சொன்னாள். பெயரைப் பட்டியலிலிருந்தே எடுக்கும்படி சோதனையையும் திருப்பி வைத்து, சேர்வருக்கு அனுப்பினாள். சிவந்தது. நேற்று அவளை விசராக்கிய அதே சிவப்பு, அதே இடத்தில். இந்த முறை அதன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. எல்லாரும் சேர்ந்து வாயை அடைக்கும்வரை அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு அந்த ஒரு வரியை எழுதினாள். பச்சை. பொரளைக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் ஒருகொடவத்தைக்கும் புதிதாகக் கோப்புப் போட்டாள். எல்லாம் பச்சை. தன்னுடைய பழைய புரோகிராமை அழித்தாள். எழுந்து நின்று, கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாரும் கேட்கும்படி, நேற்றுப் பிறெடியின் தமிழ் சரி, பிழை என்னுடைய தமிழில்தான் என்று சிங்களத்திலும் பிறகு தமிழிலும் சொன்னாள். சிலர் சிரித்தார்கள், ருவன் தலையாட்டினார். எப்போது போகும் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பிறெடி அவள் மேசைக்கு வந்தான். அம்மாவிடம் சொல், சரியாக்கிவிட்டோம், கொட்டாஞ்சேனைக்கும் தமிழில் வரும் என்று சொல் என்றாள் சுபோதினி. அவன் திரையில் இருந்த தன் ஊரின் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இப்ப சொல்லமாட்டேன் அக்கா” என்றான். “வந்தாப்பிறகு சொல்லுறேன்.”